நாலு சாளை, ஒரு வாளை: விலங்கியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்தில் ராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். நீங்கள் வகுத்த பாடத்தைக் கல்லூரியில் படித்து வந்தவன்தான்.

எங்கள் பேராசிரியர் ஒருநாள் மஞ்சப்பையோடு வகுப்புக்கு வந்தார். உள்ளே மீன்: நாலு சாளை, ஒரு வாளை. ‘பேரு எழுதாண்டாம், செவுளைத் தூக்கிப் பாருங்க’ என்றார். சாளைக்குள் பேன்சீப்பு மாதிரி நெருக்கமாக முள். வாளையில் அந்தச் சீப்பு இல்லை. வாயில்தான் கொக்கி கொக்கியாகப் பல். ‘ஏன்?’ என்று கேட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

வெகுநேரம் கழித்துக் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். மணக்குடிப் பெண், அதுவரை வகுப்பில் அவள் பேசி நான் கேட்டதில்லை. ‘சாளை தண்ணியை அரிச்சுத் தின்னும் சார். வாளை வயித்தைக் கீறினா நெத்திலி கெடக்கும்.’ கத்தரிக்கோலை அவளிடமே கொடுத்தார். மூன்று நெத்திலி. ஒன்றின் கண் இன்னும் மின்னியது. உணவுச் சங்கிலியை அன்று நடத்தியது அவள்தான். சார் கலைச்சொற்களை மட்டும் பலகையில் எழுதிப்போட்டார். (வகுப்பில் விலங்குகளை அறுத்துப் பார்ப்பதைக் குறைக்க 2011-ல் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. இது எப்படியும் குழம்புக்குப் போகிற மீன்.)

சனிக்கிழமைகளில் பழையாறு கடல்சேரும் மணக்குடிக் காயலுக்குக் கூட்டிப்போவார். பொழி, அதாவது காயல் கடலோடு சேரும் வாய், மணலால் அடைத்திருக்கும்போது ஒருமுறை, திறந்தபின் ஒருமுறை, அதே இடத்தில் நின்று பார்த்ததை எழுத வேண்டும்.

இதற்கெல்லாம் கிடைத்த மதிப்பெண் பூஜ்யம். ‘போர்ஷன் முடியல’ என்று புகார் போனது. அடுத்த செமஸ்டரில் மஞ்சப்பை வரவில்லை. மறுபடி ஃபார்மலின் பாட்டில், ரெக்கார்டு நோட்டு. வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். உயிரோடு ஒரு நட்சத்திரமீனைப் பார்க்காமலே ஸ்பாட்டரில், அதாவது வைத்திருக்கும் மாதிரியைப் பார்த்துப் பெயர் எழுதும் செய்முறைத் தேர்வில், முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

அக மதிப்பெண்ணில் அசைன்மென்டுக்கு ஒரு பங்கு வைத்திருக்கிறீர்கள். அதை ஒருவர் எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதுவது உங்களுக்கும் தெரியும். அந்தப் பங்கைக் களக் குறிப்பேட்டுக்குக் கொடுங்கள். வகுப்புக்கு வகுப்பு இடம் மாறட்டும்: தேரூர்க் குளம், முட்டத்துப் பாறை, சின்னமுட்டம் ஏலக்கூடம். ஊர்ப்பெயரில் எழுதினால் மதிப்பெண் குறைக்காதீர்கள். லத்தீன் பெயர் பிறகு வரட்டும். பெற்றோர் சம்மதக் கடிதம், வண்டி, பாதுகாப்பு என்று சிக்கல் உண்டுதான். அதையெல்லாம் வருடாவருடம் டூருக்குச் சமாளிக்கிற துறைகள் இதற்கும் சமாளிக்கும். குறிப்பேட்டைத் திருத்த ஆள் போதாது என்றால் சொல்லுங்கள், சனிக்கிழமை எனக்கு விடுமுறைதான்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்