அந்த ஆலமரத்தை வெட்டியாச்சு, ஐயா

பெங்களூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் கலை மையம் நடத்தும் பெரியவர்களுக்கு, ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு வேன் டிரைவரின் வணக்கம்.

கூத்து, பறை, கரகம் என்று ஆடுகிறவர்களை ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பில் பாதி. போன தை மாதம் தருமபுரிப் பறைக்குழு ஒன்றை உங்களில் ஒருவர் இடத்துக்குக் கூட்டி வந்தேன். பெயர் வேண்டாம். கொடுத்திருந்த வழிக்குறிப்பு தேவனஹள்ளியில் இருக்கிற விமான நிலையத்தில் தொடங்கியது. தருமபுரிக்காரன் எதற்குத் தேவனஹள்ளிக்குப் போகிறான்? கடைசி நாலு வரியாவது உதவுமா என்று பார்த்தால், "பெரிய ஆலமரம் தாண்டி இடப்பக்கம்" என்றிருந்தது. ரோட்டை அகலப்படுத்தியபோதே அந்த மரம் போய்விட்டதாம், டீக்கடை அம்மா சொன்னார். சரி என்று போன் மேப்பை நம்பினேன். அது அந்தக் கலை மையத் தோப்பின் பின்வேலியில் கொண்டுபோய் நிறுத்தியது. வண்டி திரும்பக்கூட இடமில்லாத மண்பாதை. பையன்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு இருட்டில் நடந்தார்கள். பனியில் தோல் தொய்ந்துவிட்டது. வைக்கோல் கேட்டு வாங்கி, தீ மூட்டிக் காய்ச்சி, சத்தம் ஏறுவதற்குள் அவர்களுக்குக் கொடுத்த முக்கால் மணியில் அரை மணி போயே போச்சு. அடுத்த குழு சலங்கை கட்டி நின்றது.

வழி எழுதுவது மலையைப் புரட்டும் வேலையா? ஹெசரகட்டாவில் நடனக் கலைஞர் புரோதிமா பேடி 1990இல் தொடங்கிய நிருத்யகிராமம் என்ற நடனப் பள்ளியையே எடுத்துக்கொள்கிறேன். ஒடிசி நடனத்துக்குப் பேர்போன இடம், பெங்களூரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். வசந்தஹப்பா என்று ராத்திரி முழுக்கத் திருவிழா நடத்திய காலம் ஒன்று உண்டு.

ஓசூர்ப் பக்கமிருந்து வருகிறவர் அத்திப்பள்ளி, சந்தாபுரா தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி அருகே, ஊரைச் சுற்றிப் போகிற நைஸ் ரோட்டில் ஏறிவிட வேண்டும். ஊருக்குள் நுழையவே வேண்டாம். டோல் வலிக்கும், ஊருக்குள் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் அதைவிட வலிக்கும். பன்னேர்கட்டா, கனகபுரா, மைசூர், மாகடி ரோடுகளைக் கடந்து அது தும்கூர் ரோட்டில் கொண்டுவிடும். அங்கிருந்து ஊரைப் பார்த்து வந்தால் எயித் மைல் என்கிற சந்திப்பில் இடது திருப்பம். யஷ்வந்த்பூர், பீன்யா வழியாக ஊருக்குள்ளிருந்து வருகிறவருக்கு அதே திருப்பம் வலது! இந்த ஒரு வித்தியாசத்தை எழுதாமல் விடுவதால் எத்தனை வண்டி தவறிப் போகிறது தெரியுமா? தும்கூரிலிருந்து நெலமங்களா வழியாக வருகிறவருக்கும் இடதுதான். விமான நிலையத்துக்காரர் தும்கூர் ரோட்டைத் தொடவே வேண்டாம், எலஹங்கா, ராஜானுகுண்டே வழியாகப் போய்விடலாம். வண்டி இல்லாதவர் பச்சை மெட்ரோவில் தாசரஹள்ளி வரை வந்து பஸ் பிடிக்கட்டும்.

எயித் மைலுக்குப் பிறகு சிக்கபாணாவரா, சோலதேவனஹள்ளி, அப்புறம் ஹெசரகட்டா. அடையாளத்துக்கு ஏரி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே பெங்களூருக்குக் குழாய்த் தண்ணீர் கொடுத்த ஏரி. மரத்தை வெட்டுவது போல ஏரியை வெட்டிவிட மாட்டார்கள் என்று எழுத வந்தேன், இந்த ஊரில் அதையும் அடித்துச் சொல்ல முடியாது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலத்திலிருந்தும் ஆள் வருகிறது என்று நினைத்து எழுதுங்கள். ஊர்ப்பெயரைக் கண்டக்டர் கூவுகிறபடி எழுதுங்கள், கன்னடத்திலும் தமிழிலும். எந்த வாசலில் வேன் நுழையும், எங்கே திரும்பும் என்று ஒரு வரி. வருஷத்துக்கு ஒரு தடவை அந்த வழியில் நீங்களே வண்டி ஓட்டிப் பாருங்கள், பகலில் அல்ல, ஏழு மணி இருட்டில்.

அந்தத் தை மாத இடத்துக்கு நானே வந்து வழி எழுதித் தருகிறேன். டீசல் போட்டால் போதும்.