அண்ணனுக்கு, ஆண்டர்சன் தெருவிலிருந்து

அண்ணே,

இந்த மாசக் கடைசியோடு நம் கல்யாணப் பத்திரிகைக் கடையைக் கைமாற்றிவிடுகிறேன். அட்வான்ஸ் வாங்கியாச்சு, போர்டு மட்டும் இன்னும் இறக்கவில்லை. யாருக்கு, எவ்வளவுக்கு என்பதை இங்கே எழுத முடியாது. தெருவில் பாதிப் பேர் இதைப் படிக்கிறார்கள், மீதிப் பேருக்கு அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இதைச் சொல்லத்தான் போன வாரம் உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் முந்திக்கொண்டு, "பாப்பா மெட்ராஸ்ல காலேஜ் சேர்ந்திருக்கா, ஃப்ரெண்ட்ஸோட பாரிஸ் கார்னர் பக்கம் வரணுமாம், எங்க சாப்பிடறதுன்னு எழுதி அனுப்பு" என்றீர்கள். கடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, எழுதுகிறேன்.

பாப்பாவிடம் சொல்லுங்கள்: இங்கே பசி பார்த்து வரக்கூடாது, நேரம் பார்த்து வர வேண்டும். சீனா பாய் கடையில் பொழுது சாய்ந்த பிறகுதான் கல் காயும். என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் நின்றுகொண்டே நெய்ப் பொடி இட்லி, அப்புறம் ஊத்தப்பம். தங்கசாலைக்குள் நுழைந்தால் காக்கடா ராம்பிரசாத் கடையில் சூடான ஜிலேபியும் பாதாம் பாலும். உட்கார இடம் தேடுகிறவர்கள் தி.நகர் போகலாம்.

முறுக்கு சாண்ட்விச்சை விடவே கூடாது. இரண்டு முறுக்குக்கு நடுவில் வெள்ளரி, தக்காளி, வெங்காயம், பச்சைச் சட்னி. சீஸ் துருவினால் விலை கூடும். துருவாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. குஜராத்திக்காரர் வீட்டிலும் இல்லாதது, தஞ்சாவூர்க்காரர் வீட்டிலும் இல்லாதது, இந்தத் தெருவிலேயே பிறந்த பிள்ளை அது. வாங்கின கையோடு கடிக்க வேண்டும். போட்டோ எடுத்துக்கொண்டு நின்றால் சட்னி இறங்கி முறுக்கு நமுத்துப் போகும்.

செகண்ட் லைன் பீச் ரோட்டில் விற்கிற பர்மா நூடுல்ஸ், அதுதான் அத்தோ, அதைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பாப்பா எப்படியும் கேட்பாள்.

1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகண்ணியெல்லாம் அரசுடைமை ஆனது. 1964இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். நம் ஆட்கள் கப்பலேறி வந்து எதிரே இருக்கிற துறைமுகத்தில்தான் இறங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. அங்கே மீன் போட்டுக் கொதிக்கிற மொய்ங்கா, இங்கே வாழைத்தண்டு சூப்பாக மாறிவிட்டது.

நாம் இரண்டு பேரும் அத்தோ சாப்பிடப் போன அன்றைக்கு, நமக்குக் கலந்து கொடுத்தவர் கையை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நூடுல்ஸை அள்ளிக் கிண்ணத்தில் போட்டார். முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டெண்ணெய், பொரித்த வெங்காயம். பேஜோ என்கிற மொறுமொறு வடையை உள்ளங்கையில் நொறுக்கிப் போட்டு ஐந்து விரலாலும் பிசைந்தார். நீங்கள் "காரம் தூக்கலா இருக்கட்டும்" என்றீர்கள். அதே குரலில், என் பக்கம் திரும்பாமல், "நான் கடையிலேர்ந்து விலகிக்கலாம்னு இருக்கேன்" என்றீர்கள்.

கையில் சூப் கிண்ணம். கடைக்காரர் "இன்னும் ஊத்தவா?" என்றார். இரண்டு பேரும் கிண்ணத்தை நீட்டினோம். காசு நீங்கள் கொடுத்தீர்கள். அதுதான் அண்ணே இன்னும் ஆறவில்லை. பிரிகிற அன்றைக்காவது பாதிப் பாதி போட்டிருக்கலாம்.

நான் தடுக்கவில்லை என்று அண்ணி சொல்லிக்கொண்டிருக்கிறாராம். எப்படித் தடுப்பேன்? கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் போக ஆரம்பித்துவிட்டது. ஆயிரம் அடித்தவர்கள், சாமிக்கு வைக்கவும் சம்பந்திக்குக் கொடுக்கவும் நூறு போதும் என்றார்கள். உங்களுக்கு அது முன்னாடியே தெரிந்தது. எனக்கும் சொல்லியிருக்கலாமே. கணக்கு முடித்ததில் யாருக்கு எவ்வளவு என்கிற பேச்சு இங்கே வேண்டாம்.

அப்பா காரியத்துக்கு நான் வந்திருக்க வேண்டும். தை மாசம், முகூர்த்த நேரம், கடையில் தனியாள். சாக்கு என்றுதான் நினைப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள். அன்று இரவு கடையைச் சாத்தின பிறகு வெகுநேரம் உள்ளேயே இருந்தேன். எனக்கு முதன்முதலாக இங்க் வாசனை பார்த்து காகிதம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். தமிழ் தெரியாத சேட்டுக்கு அவர் இந்தி தெரியாமலேயே பத்திரிகை விற்றதை இன்னும் பேசுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள், பாதித் தெரு பூட்டிக் கிடக்கும். மண்ணடி மெட்ரோவில் இறங்கினால் செகண்ட் லைன் பீச் நடக்கிற தூரம்தான். மாசக் கடைசிக்குள் வந்தால் கடைக்கு வரட்டும், நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். அவளுக்கு அத்தோவில் காரம் குறைவாகச் சொல்ல வேண்டுமா என்று எனக்கு மெசேஜ் போடுங்கள்.

நீங்களும் வருவதாக இருந்தால் முந்தின நாளே தகவல் வேண்டும். சீனா பாய்க்கு உங்களோடு வருவேன். அத்தோவுக்கு வர மாட்டேன்.