அந்த பாட்டிலை அடுப்படியிலிருந்து எடு

போர்தோ,
ஞாயிறு இரவு

அன்பு மாப்ளே,

தீபாவளிக்குப் பேசியதோடு சரி, அதற்கப்புறம் நான் கூப்பிடவே இல்லை என்று அக்காவிடம் குறைப்பட்டாயாமே. தப்பு என்னுடையதுதான். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. மற்றதைப் போனில் பேசலாம், இதை எழுதித்தான் ஆகவேண்டும்.

நேற்று அந்த பாட்டிலைத் திறந்துவிட்டோம்.

ஆமாம், லெயோவில் பார்த்தோன் என்ற சிவப்பு ஒயின், 2005ஆம் வருஷ அறுவடை. 2008இல் மெதோக் ஒயின் பகுதிப் பக்கம் போய், சேன் ஜூலியன் ஊரில் திராட்சைக்கொடி வரிசைகளுக்கு நடுவே சுற்றிவிட்டு, சின்னவளுக்கு ஒன்று, உன் பையனுக்கு ஒன்று என்று வாங்கினோமே, அதுதான். சின்னவளுக்கு இருபது முடிந்துவிட்டது. "இன்னும் எதுக்குப்பா காத்திருக்கணும்?" என்று அவளே கேட்டாள்.

முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்திருந்தேன். தக்கை பாதியில் உடைந்து, மிச்சத்தை எடுப்பதற்குள் கை நடுங்கிவிட்டது. பாட்டில் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவத்தி ஏற்றி வைத்து, மூச்சைப் பிடித்தபடி கராஃப் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றினேன். அடியில் மூன்று விரல்கடை இருக்கும்போது வண்டல் கறுப்பாக, புகை போல நெளிந்து கழுத்துக்கு வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டேன். இருபது வருஷத்தில் துவர்ப்பும் நிறமும் ஒன்றோடொன்று கோத்துக் கனத்து இறங்கிய படிவு அது. அது அடியில் தங்கத் தங்கத்தான் மேலே இருப்பது மென்மையாகிறது.

வெள்ளை மேஜைவிரிப்பின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் இன்னும் நாவல்பழச் சாறுதான். ஓரத்தில் மட்டும் நகக்கண் அகலத்துக்குச் செங்கல் நிறம் தட்டியிருந்தது.

ஆனால் முதல் வாய் வைத்ததும் மனசு விட்டுப்போனது, மாப்ளே. கொட்டைப்பாக்கை மென்றது போல ஈறெல்லாம் இறுகப் பிடித்துக்கொண்டது. பழச்சுவை எங்கோ ஒளிந்திருந்தது. அவசரப்பட்டுவிட்டோமோ என்று சின்னவளைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. கராஃபை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பாட்டு வேலையைப் பார்த்தோம்.

இரண்டு மணி நேரம் போயிருக்கும். அம்மாதான் குடிக்கமாட்டாளே, கிளாஸை மோந்து மட்டும் பார்த்துவிட்டு, "புதுசா சீவின பென்சில் வாசனை வருதே" என்றாள். சரியாகச் சொன்னாள்! அந்த தேவதாரு வாசனையைத்தான் இந்த ஊர்க்காரர்கள் தேடுவார்கள். அதன் பின்னாலேயே கறுப்புத் திராட்சை, புகையிலை, மழை விட்ட மண். துவர்ப்பு போய்விடவில்லை, ஆனால் இப்போது பிடித்து இழுக்காமல் தாங்கிக்கொண்டு நின்றது. விழுங்கின பிறகும் வெகுநேரம் வாயிலேயே இருந்தது.

ஒரே ஒயினில் வேறு வேறு ரகத் திராட்சையைக் கலப்பதைக் "கலப்படம்" என்று அன்று வண்டியில் என்னை வம்புக்கு இழுத்தாயே, நினைவிருக்கிறதா? கபர்னே சோவிஞோன் ரகத்துக்குச் சிறிய பழம், கெட்டித்தோல். வண்டலும் ஆயுளும் அதனால்தான். ஆனால் அது தாமதமாகப் பழுக்கும், தனியாக நின்றால் எலும்பும் தோலுமாக இருக்கும். மெர்லோ ரகம் முன்னதாகவே பழுத்து அதற்குச் சதை போடுகிறது. மழை ஒன்றைக் கெடுத்தால் மற்றது காப்பாற்றும். அந்த ஆற்றோரத்துக் கூழாங்கல் மண்ணில் ஒரே ரகத்தை நம்பிப் பெரும்பாலும் யாரும் இறங்குவதில்லை. 2005 நல்ல வறண்ட வருஷம், இரண்டுமே நன்றாகப் பழுத்தன. அதனால்தான் இவ்வளவு இறுக்கம், இவ்வளவு ஆயுள்.

ஒரு கிளாஸ் மீதம் வைத்து இன்று மதியம் ஆட்டுக்கறியோடு குடித்தேன். நேற்றைவிட நன்றாக இருந்தது! இன்னும் பத்து வருஷம் தாங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால்தான் உன் பாட்டிலை நினைத்தால் கவலையாக இருக்கிறது. போன முறை உன் வீட்டுக்கு வந்தபோது அது அடுப்புக்கு மேல் பலகையில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. பையன் கல்யாணத்துக்கு என்கிறாய். அந்தச் சூட்டில் கல்யாணம் வரைக்கும் அது இருக்காது, வேகவைத்த பழம் மாதிரி ஆகிவிடும். நின்றபடியே இருந்தால் தக்கையும் காய்ந்து காற்று புகுந்துவிடும். உன் கட்டடத்துக்குக் கீழே காவ், அதாவது நிலவறை, இருக்கிறது. அதில் ஓட்டாத சைக்கிளை அடைத்து வைத்திருக்கிறாய். இன்றைக்கே அதை வெளியே எடுத்துவிட்டு பாட்டிலைப் படுக்கவை. அதற்கு முன்னால் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது, கழுத்திலா தோளிலா, என்று பார். தக்கை மேலே எழும்பியிருக்கிறதா, உறைக்கு வெளியே பிசுபிசுப்பு இருக்கிறதா என்றும் பார்த்து போட்டோ எடுத்து அனுப்பு.

மட்டம் தோளுக்கு இறங்கியிருந்தால் கல்யாணத்தை மறந்துவிடு, மே மாதம் நான் வரும்போதே திறப்போம். பையனையும் வரச்சொல். ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்துவிடு. மெழுகுவத்தி நான் கொண்டுவருகிறேன்.

உன்
மச்சான்