‘லேசான காயத்துடன் உயிர் தப்பினார்’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தலைக்கவசம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொன்ன எதையும் மறுக்க இதை எழுதவில்லை. ஆனால் அந்தக் கட்டுரையின் கணக்கில் விபத்தில் சிக்குபவர்கள் இரண்டே வகை. ஒன்று, இறந்தவர்கள். மற்றது, ‘லேசான காயத்துடன் உயிர் தப்பியவர்கள்’. நான் இரண்டாம் வகை. சென்ற ஆண்டு ஆடி மாதம் உள்ளூர்ச் செய்தியில் என்னைப் பற்றி நான்கு வரி வந்தது, இதே சொற்களோடு. வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். அந்த ‘லேசான’ என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு.

வேகத்தடையின் வெள்ளைக் கோடு அழிந்து போயிருந்தது, மழைத் தூறல் வேறு. வண்டியோடு விழுந்தேன். தலைக்கவசம் போட்டு வாரையும் மாட்டியிருந்தேன். இல்லையென்றால் முதல் வகையில் சேர்ந்திருப்பேன், கடிதம் எழுத ஆள் இருந்திருக்காது. விழுந்ததற்கும் ஆம்புலன்ஸில் கண் விழித்ததற்கும் நடுவில் என்ன நடந்தது என்று இன்றுவரை நினைவில்லை. மருத்துவமனையில் பெயர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், தேதி கேட்டார்கள். சொன்னேன். கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக 15-க்கு 15. பள்ளிக்கூடத்தில் நான் ஒரு நாளும் வாங்காத முழு மதிப்பெண். கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு மருத்துவர்கள் 1974-இல் வகுத்த அளவுகோலாம் இது. 13 முதல் 15 வரை வந்தால் தலைக்காயம் லேசானது. சி.டி. ஸ்கேனிலும் ரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை. “ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்” என்று மறுநாள் அனுப்பிவிட்டார்கள்.

நான் உரிமம் பெற்ற பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் 22 வருடமாக மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கிரயப் பத்திரத்தின் உயிர் அதன் சக்குபந்தியில் இருக்கிறது: சொத்தின் கிழக்கே யார், மேற்கே எது, வடக்கு, தெற்கு. நான்கையும் ஒருசேர மனத்தில் நிறுத்திக்கொண்டுதான் தட்டச்சு செய்வோம். விபத்துக்கு முன் அது எனக்கு மூச்சு விடுவது போல. பத்து நாள் கழித்து மேசைக்குத் திரும்பினால், மூன்றாவது எல்லைக்கு வரும்போது முதலாவது காணாமல் போயிருக்கும். பக்கத்தில் ஜெராக்ஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கட்சிக்காரர் முத்திரைத்தாள் செலவைக் கேட்டால் இரண்டில் ஒன்றுதான் காதில் விழும். சாயங்காலம் ஆனால் கண்ணுக்குப் பின்னால் வலி. வீட்டில் மிக்ஸி ஓடினால் காரணமே இல்லாமல் மனைவி மேல் எரிந்து விழுவேன்.

மூன்றாவது வாரம் ஒரு பாட்டியம்மாளின் நஞ்சைக்குப் பத்திரம். கையெழுத்துக்கு முன் படித்துக் காட்டுவது வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், நடுவில் கையை உயர்த்தி நிறுத்தினார். “தம்பி, என் நிலத்துக்கு மேற்கே அல்லவா வாய்க்கால்? நீ கிழக்கே ஓடவிட்டிருக்கிறாயே” என்றார். ‘வாய்க்காலுக்குக் கிழக்கு’ என்று எழுத வேண்டியதை ‘வாய்க்காலுக்கு மேற்கு’ என்று அடித்திருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் கேட்காமல் விட்டிருந்தால் பதிவாகியிருக்கும். பிறகு பிழைதிருத்தல் பத்திரம், இல்லையென்றால் பங்காளிச் சண்டை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. 15-க்கு 15 வாங்கிய மூளைக்கு என்ன ஆயிற்று?

ஆறாவது வாரம் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். 100-லிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார். 93, 86, 79. மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைத் தாண்டி 72-க்குப் போக முடியவில்லை. “இது வருவதுதான், பலருக்கும் வருகிறது” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஆறு வாரம் காத்திருந்திருக்கிறேன். முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

அதன் பிறகு மகள் தேடித் தேடிப் படித்து, தமிழில் சொல்லச் சொல்ல, தொழில் புத்தியில் குறிப்பெடுத்துக்கொண்டேன். மூளை திரவத்தில் மிதக்கிறது. தலை சட்டென்று சுழன்று நின்றால் உள்ளே இருக்கும் மூளை முறுக்கிக்கொள்கிறது. பகுதிக்குப் பகுதி செய்தி கொண்டுபோகும் மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. பெரும்பாலும் அறுவதில்லை, வேலைதான் தடுமாறுகிறது. சாதாரண ஸ்கேனுக்கு அந்த இழைகள் தெரியாது. நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: கிராம நிர்வாக அலுவலகம், தாலுகா அலுவலகம், சர்வே பிரிவு, சார்பதிவகம் எல்லாம் அப்படியே நிற்கின்றன, ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டிய தபால் குழம்பிவிட்டது. சி.டி. ஸ்கேன் எடுப்பது கட்டடத்தின் படம். தபால் அதில் எங்கே தெரியும்?

தபாலைப் பார்க்கவும் வழி இருக்கிறதாம். 1995-இல் பரத் பிஸ்வால் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும், ஒருவர் எந்த வேலையும் செய்யாமல் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் படுத்திருக்கும்போதே, மூளையில் ஒன்றோடொன்று தொடர்புள்ள பகுதிகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். அந்த முறையில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், லேசான தலைக்காயம் பட்ட 108 பேரைக் காயம் பட்ட சில நாட்களிலேயே சோதித்து, 2023-இல் ‘பிரெய்ன்’ என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். தொடர்பு குறைந்திருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். நேர்மாறு! மூளையின் நடுவில் இருந்துகொண்டு வருகிற போகிற செய்தியையெல்லாம் பிரித்து அனுப்பும் தலாமஸ் என்ற பகுதி, மற்ற பகுதிகளோடு அளவுக்கு மீறித் தொடர்பு கொண்டிருந்தது. தலைமை எழுத்தர் பதற்றத்தில் எல்லாக் கோப்புக்கும் நகல் எடுத்து எல்லா மேசைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? என் மேசையில் மின்விசிறிச் சத்தமும் வாய்க்காலும் ஒன்றாக வந்து விழுந்தது இப்படித்தானோ என்னவோ. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஆறு மாதம் கழித்தும் தொந்தரவு இருந்தது; அந்தத் தலாமஸ் மாற்றம் அவர்களிடம்தான் கூடுதலாகத் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் அந்த ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று கிளம்பிவிட வேண்டாம். கூட்டமாக ஒப்பிட்டால் தெரிகிற வித்தியாசம் அது. தனி ஒருவருக்கு எடுத்து ‘உனக்கு இது’ என்று சொல்லும் நிலைக்கு இன்னும் வரவில்லை. பணம்தான் போகும். என் மருத்துவரும் எனக்கு எழுதித் தரவில்லை.

பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் பெரிய விபத்துச் சிகிச்சை மருத்துவமனைகளுக்கு வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. லேசான தலைக்காயம் பட்டவர்களில் 53 சதவீதம் பேர், ஓராண்டு கழித்தும் அன்றாட வாழ்க்கை பழையபடி இல்லை என்றார்கள். தலையில் அடியில்லாமல் கை கால் எலும்பில் அடிபட்டவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 38 சதவீதம். அதுவும் சின்ன எண் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாவுக்கட்டுப் போட்டவரைப் பார்த்து யாரும் “ஒன்றுமில்லை” என்று சொல்வதில்லை.

2020 டிசம்பரில் கான்பெராவில் நடந்த இருபது ஓவர் ஆட்டத்தில், தலைக்கவசத்தில் பந்து பட்ட ஜடேஜாவுக்குப் பதிலாகச் சாகல் இறங்கினார், நினைவிருக்கும். இப்படி மாற்று ஆள் இறக்கும் விதியைச் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் 2019-லேயே கொண்டுவந்திருந்தது. “நன்றாகத்தானே மட்டை பிடித்தான், இது ஏமாற்று வேலை” என்று டீக்கடையில் சத்தம் போட்டவர்களில் நானும் உண்டு. நன்றாக மட்டை பிடித்தவனுக்கும் சில மணி நேரம் கழித்துத் தலை சுற்றலாம் என்பது அன்று எனக்குத் தெரியாது. என் மேசைக்கு மாற்று ஆள் விதி எதுவும் இல்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நம் மாநிலத்தில் இருக்கிறது. நல்ல திட்டம். 49-ஆவது மணி நேரத்துக்கு அரைத்தாள் போதும். தலையில் அடிபட்டு வீட்டுக்கு அனுப்பப்படும் ஒவ்வொருவர் கையிலும் தமிழில் அச்சடித்துக் கொடுக்கலாம். வாந்தி, வலிப்பு, மயக்கம் என்றால் உடனே திரும்பி வா என்பதோடு நிறுத்தாமல், மறதி, கவனக்குறைவு, எரிச்சல், சத்தம் பொறுக்காமை, தூக்கக் கோளாறு இவையும் வரலாம் என்று எழுத வேண்டும். ஓரிரு நாள் ஓய்வு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடை, வேலை. வாரக்கணக்கில் இருட்டறையில் படுத்துக் கிடக்க வேண்டாம் என்பதும் வேண்டும். என் மாமியார் வீட்டில் ஜன்னலை எல்லாம் சாத்திவைத்து என்னைப் பாதுகாத்ததை நினைத்தால் இப்போதும் மூச்சு முட்டுகிறது. கீழே, மூன்று வாரம் கழித்து வந்து பார்க்க ஒரு தேதி. பிரிட்டனில் இப்படி எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறியே இருக்கிறது.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ‘லேசான காயத்துடன் உயிர் தப்பினார்’ என்று அச்சேறும்போது, ‘லேசான’ என்பதை எடுத்துவிட்டு ‘காயத்துடன்’ என்று மட்டும் போடுங்கள். இடமும் மிச்சம்.

எனக்கு இப்போது பெருமளவு சரியாகிவிட்டது. காலையில் ஜெராக்ஸ் கடை திறப்பதற்கு முன் எழுதுகிறேன். எல்லைகளைத் தனித்தாளில் படம் போட்டு வைத்துக்கொள்கிறேன். படித்துக் காட்டுவதை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக்கிவிட்டேன். கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். பத்திரம் எழுதக் கொடுப்பவர்கள் யோசிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு பத்திர எழுத்தர்,
தஞ்சாவூர் மாவட்டம்.