குருசாமிகளுக்கு ஒரு திறந்த மடல்: மாத்திரையும் ஐயப்பன் கொடுத்ததுதான்

வணக்கத்துக்குரிய குருசாமிகளே,

சாமி சரணம்.

இந்த மடலைச் சபரிமலைக் கோவிலை நிர்வகிக்கும் தேவசம் போர்டுக்கோ கேரள அரசுக்கோ எழுதவில்லை. அவர்களிடம் கேட்க வேண்டியது தனியாக நிறைய இருக்கிறது. உங்களுக்கு எழுதக் காரணம் ஒன்றுதான். மாலை போட்ட சாமி வீட்டில் சொன்னால் கேட்க மாட்டார், டாக்டர் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார், உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அதை மீற மாட்டார். உங்கள் கையால் மாலை போட்டு, உங்கள் பின்னால் பல வருஷம் மலை ஏறிய எனக்கு அந்த வார்த்தையின் பலம் தெரியும்.

கார்த்திகை முதல் தேதி கோவிலில் கூட்டம் அலைமோதும்போது ஒரு சாமி உங்கள் காதருகே வந்து கேட்கிறார்: "குருசாமி, சுகர் மாத்திரை சாப்பிடுறேன், பிரஷருக்கும் இருக்கு. விரதத்துல என்ன செய்யறது?" உங்களில் பலர் சரியான பதிலைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் "ஐயப்பன் பார்த்துப்பார், 41 நாள் சுத்தமா இரு, மாத்திரையே தேவைப்படாது" என்று சொல்கிற குரல்களையும் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருடைய நம்பிக்கை அவ்வளவு பெரியது. ஐயப்பன் பார்த்துக்கொள்வார் என்பதை நானும் முழு மனதோடு நம்புகிறேன். எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்பதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

பம்பையில் குளித்து, கணபதியை வணங்கி, இருமுடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் சன்னிதானம் வரை சுமார் 5 கிலோமீட்டர். தூரமாகப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் நீலிமலையும் அப்பாச்சிமேடும் ஆளைச் சோதித்துவிடும். அந்த ஏற்றத்தில்தான் "ஏத்தி விடப்பா, தூக்கி விடப்பா" என்ற குரல் உச்சத்துக்குப் போகிறது. அதை அலங்காரத்துக்குச் சொல்லும் சாமி யாரும் கிடையாது. முட்டி நடுங்கும்போது, மூச்சு வாங்கும்போது, வயிற்றிலிருந்து வருகிற வேண்டுதல் அது.

அந்த வேண்டுதலுக்குப் பதில் வந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எங்கள் குழுவில் வந்த பெரியவர் ஒருவர் நீலிமலை ஏற்றத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். விடியற்காலைக் குளிர். அவருக்கோ கழுத்தெல்லாம் வியர்வை, கை வெடவெடவென்று ஆடுகிறது. பெயரைக் கேட்டால் வேறு எதையோ முனகுகிறார். எங்கள் ஆட்களில் ஒருவர் "அருள் வந்திருக்கு" என்றார். உடனே நெற்றி நிறைய விபூதி பூசினார்கள், சரண கோஷத்தை இன்னும் உரக்கப் போட்டார்கள். கீழிருந்து ஏறி வந்த வேறொரு குழுவைச் சேர்ந்த தெலுங்குச் சாமி சத்தத்தைக் கேட்டு நின்றார். பெரியவரின் கையைத் தொட்டுப் பார்த்தார். "சுகரா?" என்று ஒரே வார்த்தை கேட்டார். தன் இருமுடியை இறக்கி வைக்கச் சொல்லி, வழிச் சாப்பாட்டுப் பொருள் வைக்கும் பின்முடியை அவிழ்த்து, அதிலிருந்த வெல்லத்தை உள்ளங்கையில் பொடித்து, பெரியவரை உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊட்டினார். விழுங்குகிறாரா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் பெரியவருக்குக் கண் தெளிந்தது, தன் பேரனின் பெயரைச் சொன்னார். நாங்கள் நன்றி சொல்வதற்குள் அந்தச் சாமி இருமுடியைக் கட்டிக்கொண்டு தன் குழுவைப் பிடிக்க ஓடிவிட்டார்.

அப்புறம் வழியில் இருந்த சிகிச்சை மையத்தில் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பெரியவர் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருந்திருக்கிறார், சுகர் மாத்திரையை மட்டும் பழையபடியே போட்டு வந்திருக்கிறார். சாப்பாடு குறைந்து மாத்திரை குறையாமல் இருந்தால், சில மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். வியர்வை, நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு எல்லாம் அதன் அடையாளங்கள். பஜனையும் கோஷமும் நிறைந்த இடத்தில் அதை அருள் என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரையை அடியோடு நிறுத்துகிறவருக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சத்தம் இல்லாமல் ஏறிக்கொண்டே போய், ஏற்றத்தில் நெஞ்சைப் பிடிக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற, ஸ்டென்ட் வைத்த சாமிகள் அதை நிறுத்துவது இன்னும் மோசம்.

அந்த வெல்லத்தைக் கொண்டு வந்தவர் யார் என்று என்னைக் கேட்டால், ஐயப்பன் என்றுதான் சொல்வேன். அதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. மாலை போட்டவர் யாராக இருந்தாலும் சாமி என்று கூப்பிட நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்? தெலுங்குச் சாமி வடிவில் வந்த உதவியை அவர் அனுப்பியது என்று ஏற்கிற நாம், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மட்டும் ஏன் நம்பிக்கைக் குறைவு என்று ஒதுக்குகிறோம்?

மணிகண்டன் கதையை எங்களுக்கு நீங்கள் எத்தனையோ இரவுகள் சொல்லியிருக்கிறீர்கள். பந்தளத்து ராணிக்குத் தலைவலி, புலிப்பால் கொண்டு வந்தால்தான் தீரும் என்று வைத்தியர் சொல்கிறார். அது சூழ்ச்சி என்பது நமக்குத் தெரியும், கதை கேட்கும் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மட்டும் அம்மாவின் வலியைப் பெரிதாக எடுத்துக்கொண்டு, மருந்து தேடித் தனியாகக் காட்டுக்குப் போகிறான். அம்மா வலி என்று சொன்னவுடன் அவன் தியானத்தில் உட்காரவில்லை, "எல்லாம் சரியாகிவிடும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு நிற்கவில்லை. வைத்தியர் சொன்னதை எடுத்து வரக் கிளம்பினான். மருந்துக்காகப் புலிக்கூட்டத்துக்கு நடுவே போன தெய்வத்தின் பெயரால், ஒரு பக்தர் தன் மருந்தைத் தூக்கி வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கட்டு நிறைக்கும் இரவில் இந்தக் கதையைச் சொல்லும்போது, இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று மாத்திரைப் பேச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வாயால் வந்தால் மனதில் இறங்கும்.

மலையிலும் உதவி இல்லாமல் இல்லை. வழிநெடுக அவசர சிகிச்சை மையங்கள் இருக்கின்றன, ஆக்சிஜன் இருக்கிறது, நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் இதய சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. சுக்கு, பதிமுகம், வெட்டிவேர் போட்டுக் கொதிக்க வைத்த இளஞ்சிவப்பு நிறத் தண்ணீரைத் தொண்டர்கள் கொடுக்கிறார்கள். முடியாதவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, "வழி விடுங்க சாமி" என்று கத்திக்கொண்டே இறக்கத்தில் ஓடுகிறார்கள். அந்தக் கால்களைப் பார்த்துக் கும்பிடத் தோன்றும். ஆனாலும் நெஞ்சு அடைக்கும்போது "இதோ சரங்குத்தி வந்துடும், அங்கே உட்கார்ந்துக்கலாம்" என்று சிகிச்சை மையத்தைத் தாண்டிக் கூட்டிப் போகிறவர்கள் நம் குழுக்களில் இருக்கிறார்கள். சன்னிதானத்துக்கு முன்னால் வரும் சரங்குத்தியைத் தாண்டியும் வரிசை இருக்கிறது. கூட்டம் அதிகமான நாட்களில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும்.

இதைவிட எனக்கு அதிகம் வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. மலையில் ஒருவர் இறந்துவிட்டால், ஊருக்கு உடல் வந்து சேர்வதற்கு முன்பே ஒரு பேச்சு வந்து சேர்ந்துவிடுகிறது: "விரதத்துல ஏதோ குத்தம்." அந்தப் பேச்சு பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் மேல்தான் போய் விழுகிறது. சமையலில் சுத்தம் இல்லையாம், தீட்டுப் பார்க்கவில்லையாம். புருஷனைப் பறிகொடுத்தவள், அந்தச் சாவுக்குத் தானே காரணமோ என்று ஆயுசுக்கும் யோசித்துக்கொண்டு கிடக்க வேண்டும். 2011 ஜனவரி 14 அன்று, மகரஜோதி பார்த்துவிட்டுத் திரும்பிய கூட்டத்தில் புல்மேட்டு நெரிசலில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தனை பேருடைய விரதத்திலுமா குற்றம் இருந்தது? 2022 டிசம்பரில் சபரிமலை தரிசனம் முடித்து ஊர் திரும்பிய தேனி மாவட்டத்துச் சாமிகளின் வாகனம் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்தார்கள். தரிசனம் முடித்து, நெய் அபிஷேகப் பிரசாதத்தோடு வீட்டுக்குத் திரும்பியவர்கள் அவர்கள். அவர்களுடைய பக்தியை அளக்க நாம் யார்?

குருசாமிகளே, இந்தப் பேச்சை நிறுத்த உங்களால்தான் முடியும். துக்க வீட்டுக்கு நீங்கள் போகும்போது, கூடியிருக்கிறவர்கள் காதில் விழும்படி, அவர் விரதத்தில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள். அந்த ஒரு வாக்கியம் அந்த வீட்டுக்குப் போதும்.

அடுத்தது பாதியில் திரும்புவது பற்றி. முடியாமல் இறங்கி வருகிற சாமியின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். அதிலும் முதல் தடவை மலைக்கு வரும் கன்னிசாமி என்றால் அழுதே விடுவார். பதினெட்டாவது வருஷம் மலைக்குப் போய் தென்னங்கன்று வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வருகிறவர்களின் பிடிவாதம் இன்னும் பெரிது. இதய அறுவை சிகிச்சை செய்த உடம்போடு, டாக்டர் வேண்டாம் என்று சொன்னதை வீட்டில் மறைத்து வருகிறவர்கள் இவர்களில்தான் இருக்கிறார்கள்.

இதற்கு வழி நம் முறையிலேயே இருக்கிறது. வீட்டில் துக்கம் நடந்துவிட்டால் மாலையைக் கழற்றிவிடச் சொல்கிறீர்கள். யாரும் அதைத் தோல்வி என்று நினைப்பதில்லை, அடுத்த வருஷம் மறுபடியும் மாலை போடுகிறார். உடம்பு முடியாதவருக்கும் அதே மரியாதையோடு மாலையைக் கழற்றி வையுங்கள். மலைக்கு வர முடியாதவர்களின் நெய்த்தேங்காயை வேறு சாமியின் இருமுடியில் கொடுத்து விடுவது நம் ஊர்களில் வழக்கத்தில் இருப்பதுதான். பம்பையோடு நின்றுவிட்ட சாமியின் நெய்யும் அப்படியே மேலே போகட்டும். பகவான் மேல் விழும்போது அது யார் சுமந்து வந்த நெய் என்று பார்த்தா விழப்போகிறது? மெதுவாக ஏற முடிகிறவர்களைச் சுவாமி ஐயப்பன் ரோடு வழியாகக் கூட்டிப் போகலாம், ஏற்றம் கொஞ்சம் இதமாக இருக்கும். டோலியில் போவதைக் கேவலமாகப் பேசுகிறவர்களை அங்கேயே வாயடைத்துவிடுங்கள்.

வண்டி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டு நாளில் பழனி, குருவாயூர், சபரிமலை, திரும்பும் வழியில் இன்னும் நாலு கோவில் என்று திட்டம் போடுகிறோம். பின்னால் எல்லோரும் பஜனை பாடித் தூங்கிவிடுகிறோம், ஓட்டுகிறவர் மட்டும் கண் மூடாமல் மலை இறங்க வேண்டும். அவரும் மனுஷன்தானே. ஒரு கோவிலைக் குறைத்து, அவரை ஆறு மணி நேரம் தூங்க விடுங்கள். ராத்திரியில் மலைப்பாதை வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் வண்டியில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

இந்த வருஷம் மாலை போடும்போது ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு சாமியிடமும் என்ன மாத்திரை, என்ன நோய், யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். விரதத்தில் சாப்பாடு எப்படி மாறும் என்று தன் டாக்டரிடம் சொல்லி, மாத்திரை அளவைக் கேட்டு வரச் சொல்லுங்கள். அரிசி, அவல், வெல்லம் கட்டுகிறபோதே மாத்திரை டப்பாவையும் மருந்துச் சீட்டையும் தோள் பையில் வைக்கச் சொல்லி, வைத்தாரா என்று நீங்களே பாருங்கள். அந்த நோட்டு மலையில் உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.

சாமியே சரணம் ஐயப்பா.

இப்படிக்கு,
உங்கள் பின்னால் மலை ஏறும் சாமிகளில் ஒருவன்