41-ஆம் நாளில் நின்றுபோன ஜபம்

அன்புள்ள அம்மணிக்கு,

ஒரு மண்டலம், அதாவது 48 நாள், ஐந்தெழுத்தை நாளும் 108 முறை ஓதுவதென்று தொடங்கிய நீ, திருப்பூரில் சரக்கு அனுப்பும் அவசரத்தில் 41-ஆம் நாள் காலையைத் தவறவிட்டதாகவும், கைபேசிச் செயலி உடனே தன் தொடர்க்கணக்கைச் சுழியமாக்கிவிட்டதாகவும், அதன்பின் உட்காரவே மனம் வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். எனக்கு உன்மேல் வருத்தமில்லை. அந்தச் செயலியின் மேல்தான் மனத்தாங்கல்.

சோமனூரில் தறி ஓட்டிய காலமெல்லாம் நானும் மீட்டர் கணக்கிலேயே வாழ்ந்தவன்தான். ஆனால் பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முனைகளைத் தேடிப் பிடித்து முடிச்சிட்டு மறுபடி ஓட்டுவோமே ஒழிய, அதுவரை நெய்த துணியைச் சுழியம் என்று எவரும் எழுதியதில்லை. இடையில் விட்டால் முதலிலிருந்து தொடங்கச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. நேர்ந்துகொண்ட விரதமானால் நானும் அதையே சொல்வேன். நீயோ பழக்கம் வேண்டித் தொடங்கியவள். 'நான் உன்னை மறந்தாலும் என் நா நமச்சிவாய என்று சொல்லும்' என்று சுந்தரர் பாடியது நம் கொடுமுடியில்தான். மறக்கவே மாட்டேன் என்று அவரும் வாக்குக் கொடுக்கவில்லை.

கருவிகளே வேண்டாம் என்பதில்லை. மோதிரம்போல விரலில் மாட்டும் கவுண்டர் ஒன்றை நானும் வாங்கினேன். பேருந்தில் நின்றுகொண்டு ஓதுவதற்கு அது வசதிதான். வீட்டிலோ, பொத்தானின் 'டிக்' ஓசைக்கு ஏற்ப வாய் ஓட, கண் 63, 64 என்று எண்ணைத் தேட, 108 வந்ததும் வேலை முடிந்த நிம்மதி மட்டுமே மிஞ்சியது. இப்போது என் பாட்டி எண்ணிய முறைக்கே திரும்பிவிட்டேன். கட்டைவிரல் நுனியால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு வந்தால் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு. சுற்று முடியும்போதெல்லாம் இடக்கையில் ஒரு கணு நகர்த்தினால், ஒன்பதாவது கணுவில் 108 நிறைந்துவிடும். நாமம் ஒன்றுக்கு இரண்டு விநாடி என்றாலும் நான்கு நிமிடம்கூட ஆகாது.

கைபேசிக்கு நான் கொடுத்திருக்கும் வேலை, காலை 5.10-க்கு அழைப்பது மட்டும். அந்த அலாரத்துக்கு மந்திரத்தையே ஒலியாக வைத்துவிடாதே. பாதி 'நமசிவாய'வில் விரலால் தள்ளி அணைக்கத்தான் கை பழகும். (எனக்கு அப்படிப் பழகிவிட்டது, மறக்க இரண்டு மாதம் பிடித்தது.) சாதாரண மணி போதும். அணைத்ததும் கைபேசியைச் சமையலறையிலேயே வைத்துவிட்டு, வாசல் தெளித்துக் கோலமிட்டு உள்ளே வந்த கையோடு, வேறொன்றையும் தொடாமல் உட்கார்ந்துவிடு. நேரம் முன்பின் ஆகலாம். கோலத்துக்கு அடுத்தது ஜபம் என்ற வரிசை மட்டும் மாற வேண்டாம். சரக்கு அனுப்பும் நாள்களில் 108 முடியாதென்றால் ஒரே சுற்று, பன்னிரண்டு நாமம், போதும்.

நாளைக் காலையை 41 என்றே வைத்துத் தொடங்கு. எண்ணிக்கையை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வரும்போது உன் உருத்திராக்க மாலையை மட்டும் எடுத்து வா. மேருவை, அதாவது எண்ணிக்கை தொடங்கும் தலைமணியை, ஒட்டி நூல் நைந்திருப்பதைப் போன முறையே பார்த்தேன், புது நூலில் கோத்துத் தருகிறேன்.

அன்புடன்,
மாமன்