படைவீரரின் ஊர்ப்பணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 7 கொடி நாளையொட்டித் தங்கள் இதழில் வெளியான முன்னாள் படைவீரர்கள் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். போர்முனை நினைவுகள் அதில் நன்றாகப் பதிவாகியிருந்தன. ஆனால், அவர்களின் வாழ்க்கை சீருடையைக் களைந்த நாளோடு முடிந்துவிட்டதைப் போல அது நின்றுவிட்டது எனக்குக் குறையாகப் பட்டது. 2022-க்கு முன் சிப்பாயாகச் சேர்ந்தவர் 15 ஆண்டுகள் பணியாற்றினால் ஓய்வூதியத்திற்குத் தகுதி பெறுகிறார். 18, 20 வயதில் சேர்ந்தவர்கள் பலரும் 40 வயதை ஒட்டி ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதன் பின் அவர்கள் ஊரில் வாழும் காலம், படையில் இருந்த காலத்தை விட நீண்டது. அந்தக் காலத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம் உள்ளது. ஊராட்சிதான் என்றாலும், சுற்றுப்பட்டிகளுக்குச் சந்தையும் வங்கியும் மேல்நிலைப் பள்ளியும் இங்கேதான். இங்கே ‘பட்டாளத்தார்’ என்றால் அது ஒருவரைத்தான் குறிக்கும். நீலகிரியின் வெலிங்டனில் பயிற்சி பெற்று, 1971 போரின்போது கிழக்கு எல்லையில் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இப்போது 75 வயதைக் கடந்துவிட்டார். தன் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பமாட்டார் என்பதால் நானும் எழுதவில்லை.

அவர் செய்தவற்றில் முதலில் சொல்ல வேண்டியது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பற்றியது. எங்கள் பகுதி வானம் பார்த்த பூமி. 2017-இல், ஊரார் பங்கேற்கும் நீர்நிலைச் சீரமைப்பான குடிமராமத்து மீண்டும் தொடங்கப்பட்டபோது பல ஊர்களில் உள்வாயில் மண் எடுத்து, கரையைப் பலப்படுத்தி, மடைகளைச் சீர்செய்தார்கள். எங்கள் கண்மாயிலும் வேலை நடந்தது. ஆனால் நல்ல மழை பெய்த ஆண்டிலும் மிகுநீர் வழியும் கலுங்கு வரை தண்ணீர் ஏறவில்லை. தண்ணீர் வரும் வழியே அடைபட்டுக் கிடக்கும்போது கண்மாயை ஆழமாக்கி என்ன பயன் என்று கேட்டவர் பட்டாளத்தார் ஒருவரே. அவர் நில விவரம் கொண்ட ‘அ’ பதிவேட்டு நகலையும் நில அளவை வரைபடமான புலப்பட நகல்களையும் வாங்கி, பாசன நீரைப் பங்கிட்டு விடும் ஊர் நீர்க்கட்டியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மலையடிவாரத்திலிருந்து கண்மாய் வரை நடந்து, எந்தச் சர்வே எண்ணில் ஓடை வயலாகியிருக்கிறது, எந்த இடத்தில் சீமைக் கருவேலம் மண்டியிருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தார்.

இதில் சட்டச் சிக்கலும் இருந்தது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம், அப்போது நீர்வளத்தையும் கவனித்த பொதுப்பணித் துறை வசமிருந்த நீர்நிலைகளுக்காக இயற்றப்பட்டது. எங்களுடையது சிறு கண்மாய். அதன் வரத்துக்காலோ ஓடைப் புறம்போக்கு. ஆகவே 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த் துறையைத்தான் அணுக வேண்டும் என்பதை அவரே படித்துத் தெரிந்துகொண்டார். அதன்பின் ஒவ்வொரு பசலி (வருவாய் ஆண்டு) முடிவிலும், வருவாய்க் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தியில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, மனுவோடு சேர்த்துத் தைத்து வைத்தார். பதில் வராதபோது பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து, சட்டம் சொல்லும் 30 நாட்களையும் எண்ணிக் காத்திருந்தார். யாரையும் ஏசியதில்லை. ஆக்கிரமிப்பை விட்டுக்கொடுக்கச் செய்ததிலும் முதலில் தன் பங்காளிகளிடமே போய் நின்றார்; அவர்கள் விட்ட பிறகு மற்றவர்களுக்கு மறுக்க வாயில்லை. ஏறத்தாழப் பாதித் தூரம் இன்று திறந்திருக்கிறது.

இதன் அருமையை வெளியூர்க்காரர்கள் உணர வேண்டுமானால் எங்கள் மண்ணின் பழைய கதையும் தெரிந்திருக்க வேண்டும். சில சமூகத்தாரைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதிக் கைரேகை பதிய வைத்த ஆங்கிலேயர் காலக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எங்கள் பெரியவர்கள் கைரேகைச் சட்டம் என்பார்கள். அதை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் உயிரிழந்தனர். 1947-இல் சட்டம் நீங்கிய பின்னும், அரசுப் பதிவேடு என்றாலே தம்மைக் குற்றம் சொல்லும் ஏடு என்ற அச்சம் மூத்தவர்களிடம் வெகுகாலம் இருந்தது. அப்படிப்பட்ட ஊரில், அதே அலுவலக வாசலில் நிமிர்ந்து நின்று, “இது எங்கள் ஊர்ப் பதிவேடு, நகல் கொடுங்கள்” என்று ஒருவர் கேட்டதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவே பெரிய பாடம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருந்த நான் வகுப்பறையில் இதைச் சொல்லித் தந்திருக்க முடியாது.

படைவீரர்களின் விதவைகளுக்காக அவர் செய்ததை நான் அருகிலிருந்து அறிவேன். மனுக்களைப் படித்துச் சரிபார்க்க என்னை அழைப்பார். கணவரின் பணிப் பதிவேட்டில் மனைவியின் பெயர் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும் இருக்கும். அந்த ஓர் எழுத்து வேறுபாட்டால் குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் நின்றுவிடும். ஓய்வூதியக் கணக்குகள் இணையதளத்துக்கு மாறிய பிறகு, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களின் பாடு இன்னும் அதிகமாயிற்று. நவம்பர் மாதம் முழுவதும் உயிர்வாழ் சான்றுக்காக அவர் வீட்டுத் திண்ணையில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். “டீச்சர், இந்த அம்மா யாரிடமும் கைநீட்டவில்லை, தன் புருஷன் சம்பாதித்ததைத்தான் கேட்கிறது” என்று அவர் சொல்லும்போது குரல் சற்றே உயரும்.

கிராம சபைக் கூட்டம் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை நடக்கிறது. முதல் நாள் மாலையே தெருத் தெருவாகச் சென்று பெண்களை அழைப்பதும், தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று வற்புறுத்துவதும் அவர் வழக்கம்.

இத்தனைக்கும் அவருக்குத் துணிவு தந்தது எது என்று நான் யோசித்ததுண்டு. படையில் கற்ற ஒழுங்கு ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, மாதம் பிறந்தால் வந்துவிடும் ஓய்வூதியம் என்றே கருதுகிறேன். ஒப்பந்தக்காரரையோ கட்சிக்காரரையோ பிழைப்புக்காக அண்டி நிற்க வேண்டிய நிலை அவருக்கு இல்லாததால்தான் எவரிடமும் கேள்வி கேட்க முடிந்தது. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்வோரில் நான்கில் ஒரு பங்கினர் வரையே நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். மற்றவர்கள் நான்கு ஆண்டுகளில், ஓய்வூதியமின்றி, ஒருமுறைத் தொகையோடு ஊர் திரும்புவார்கள். வேலை தேடும் கவலையில் இருக்கும் அந்த இளைஞர்களிடம் பட்டாளத்தாரைப் போல உழைக்கச் சொல்வது நியாயமாகாது. பிழைப்புக்கு வழி கிடைத்தால், உழைக்க ஆசைப்படுபவர்கள் அவர்களிலும் இருப்பார்கள். ஆகவே அவருடைய அறிவு ஒருவரோடு நின்றுவிடாமல், பலர் பகிர்ந்து செய்யும் வேலையாக மாற வேண்டும்.

கண்பார்வை மங்கியதால் அவரால் இப்போது மனு எழுத முடிவதில்லை. கல்லூரி மாணவர்கள் இருவர் மாலை நேரங்களில் வந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறார்கள். வரத்துக்காலின் மீதித் தூரத்தை அளந்து எல்லைக்கல் நடக் கோரும் மனு நிலுவையில் இருக்கிறது. தாங்கள் நிருபர் ஒருவரை அனுப்பினால், அந்தக் கோப்புகளையும் புலப்படங்களையும் காட்ட அம்மாணவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். வரத்துக்காலை நடந்து பார்ப்பதற்குக் காலை நேரமே நல்லது. நீர்க்கட்டியும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.